இறக்கையும் ஏடும்

 

விமானம் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பும் பெரிய ஜெட். இன்றைய பேச்சு அதைப் பற்றியது அல்ல. இரண்டு பேரோ நான்கு பேரோ உட்காரும் சின்ன விமானம். மூக்கில் ஒற்றை ப்ரொப்பல்லர் சுழலும் விமானம். ஒரு மருத்துவரோ, விவசாயியோ, ஓய்வுபெற்ற ஆசிரியரோ சொந்தமாக வைத்திருக்கும் விமானம். அதை எப்படிப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள், பார்த்துக்கொண்டதை எப்படி எழுதி வைக்கிறார்கள் என்பதுதான் தலைப்பு.

பழுது பார்ப்பது சரி, எழுதி வைப்பதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் முகத்தில் கேள்வி தெரிகிறது. நியாயமான கேள்வி. ஒரு விமானத்தின் இறக்கையைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றிப் பார்க்கலாமா, கூடாதா என்பதை, அந்த விமானத்தின் பழைய ஏட்டில் ஒரு குறிப்பிட்ட வரி எத்தனை தடவை எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணி முடிவு செய்கிற சட்டம் ஒன்று இன்று நடப்பில் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் இன்ஜின், கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் சரித்திரம் எல்லாம் கடக்க வேண்டும்.

களம் அமெரிக்கா. வேறு எங்கும் இவ்வளவு சிறு விமானங்கள் கிடையாது. பெரிய கம்பெனி விமானங்களைச் சேர்க்காமலே சுமார் இரண்டு லட்சம் விமானங்கள் அங்கே பறக்கின்றன. அவற்றில் எல்லோருக்கும் தெரிந்த முகம் செஸ்னா 172. கான்சஸ் மாநிலத்தின் விசிட்டா நகரத்தில் பிறந்து, 1956இல் விற்பனைக்கு வந்து, இன்றுவரை 44,000க்கு மேல் செய்யப்பட்ட விமானம். உலகத்தில் இதைவிட அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமானம் இல்லை.

ஆனால் 1986இல் செஸ்னா கம்பெனி இந்த விமானத்தைச் செய்வதையே நிறுத்திவிட்டது. ஏன்? வாங்க ஆள் குறைந்தது ஒரு காரணம். வழக்குகள் இன்னொரு காரணம். முப்பது வருடத்துக்கு முன் விற்ற விமானம் விழுந்தாலும் செய்தவர்மேல் வழக்கு வரும். இழப்பீட்டுச் செலவு விமானத்தின் விலையில் ஏறும். 1994இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்து, 18 வருடம் கடந்த சிறு விமானத்துக்காகச் செய்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்று பெரும்பாலும் கதவை மூடியது. அதன் பிறகுதான் உற்பத்தி திரும்பத் தொடங்கியது. இடைப்பட்ட பத்து வருடம் என்ன நடந்தது? இருக்கிற பழைய விமானத்தைக் கட்டிக் காப்பாற்றுவது ஒன்றே வழி என்று உரிமையாளர்கள் கற்றுக்கொண்டார்கள். அதனால்தான் 1960களில் செய்த விமானம் இன்றும் ஓடுபாதையில் நிற்கிறது, பறக்கிறது, விற்கப்படுகிறது, மறுபடி பறக்கிறது.

அறுபது வயது இயந்திரத்தில் பிள்ளை குட்டிகளை ஏற்றிக்கொண்டு ஆறாயிரம் அடி உயரத்துக்குப் போகலாம் என்று ஒருவருக்கு நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? பாதி நம்பிக்கை மெக்கானிக்கின் கையிலிருந்து வருகிறது. மீதிப் பாதி அவருடைய பேனாவிலிருந்து வருகிறது.

தொடக்கத்தில் பேனா இல்லை. ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் சார்லஸ் டெய்லர் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். விமானத்துக்கு ஏற்ற எடையில் இன்ஜின் செய்துதர எந்த மோட்டார் கம்பெனியும் முன்வராதபோது, அவரே ஆறு வாரத்தில் ஒன்றைச் செய்து முடித்தார். கையில் இருந்தது ஒரு லேத், ஒரு துளை போடும் இயந்திரம், மற்றபடி கைக்கருவிகள். முறையான வரைபடம் கிடையாது. கிடைத்த தாளில் பாகத்தைக் கிறுக்குவார்கள். டெய்லர் அந்தத் தாளை வேலை மேசைக்கு மேலே குத்தி வைத்துக்கொண்டு கடைவார். 1903 டிசம்பர் 17ஆம் தேதி மனிதன் பறந்தது அந்த இன்ஜினில்தான். அந்தத் தாள்களை யாரும் பத்திரப்படுத்தவில்லை. தேவையும் இருக்கவில்லை, செய்தவர், பழுது பார்ப்பவர், பறப்பவர் எல்லோரும் ஒரே கடைக்குள் இருந்தார்கள்.

கடை பெரிதானதும் சிக்கல் வந்தது. ஒருவர் செய்த விமானத்தை இன்னொருவர் வாங்கினார், மூன்றாமவர் பழுது பார்த்தார், நான்காமவர் பறந்தார். நான்காமவருக்கு மூன்றாமவர் செய்தது எப்படித் தெரியும்? 1926இல் அமெரிக்க அரசு விமான வணிகச் சட்டம் கொண்டுவந்து, விமானிக்கு மட்டுமல்ல, மெக்கானிக்குக்கும் உரிமம் வேண்டும் என்றது. அந்த வழியில் வந்த ஏடு எழுதும் பழக்கம் இன்று எஃப்.ஏ.ஏ. என்ற அமெரிக்க விமானத் துறை நிர்வாகத்தின் விதிகளாக நிற்கிறது.

அந்த விதிகளின் அடிப்படை எளிது. ஒரு விமானம் பறக்கத் தகுதியானது என்று சொல்ல இரண்டு நிபந்தனைகள். ஒன்று, அது பாதுகாப்பாகப் பறக்கும் நிலையில் இருக்க வேண்டும். இரண்டு, அந்த ரக விமானத்துக்கு அரசு ஒப்புதல் கொடுத்த வடிவமைப்புக்கு அது பொருந்தியிருக்க வேண்டும். முதல் நிபந்தனையைக் கண்ணாலும் கையாலும் பார்க்கலாம். இரண்டாவதை? நாற்பது வருடத்தில் யாராவது இன்ஜினை மாற்றினார்களா, ரேடியோ ஏற்றினார்களா, வால் பகுதியை ஒட்டுப் போட்டார்களா, அதற்கு ஒப்புதல் வாங்கினார்களா என்பதைத் தகரம் சொல்லாது. ஏடு மட்டும்தான் சொல்லும். இன்ஜின் சிங்கம்போல முழங்கினாலும் ஏடு இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அந்த விமானம் பாதி விமானம்.

நண்பர்களே, இனி கொட்டகைக்குள் போவோம். ஹேங்கர் என்று அவர்கள் சொல்லும் அந்த விமானக் கொட்டகையில் வருடத்துக்கு ஒருமுறை நடப்பது ஆண்டுச் சோதனை. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம். கணக்கு நாளில் அல்ல, நாட்காட்டி மாதத்தில்: மார்ச் 5ஆம் தேதி கையெழுத்தானால் அடுத்த வருடம் மார்ச் 31 வரை செல்லும். வாடகைக்கு ஆள் ஏற்றினாலும், பள்ளி தன் விமானத்தில் கட்டணம் வாங்கிப் பயிற்சி கொடுத்தாலும், இதோடு நூறு மணி நேரத்துக்கு ஒரு சோதனையும் சேரும். இந்த நூறு மணி நேரத்தை நினைவில் வையுங்கள். பின்னால் ஓர் இறக்கையின் கணக்கு இதில்தான் தொங்கப் போகிறது.

இந்தச் சோதனையைச் செய்பவர் யார்? விமான உடலுக்கும் இன்ஜினுக்கும் சேர்த்து உரிமம் வாங்க முப்பது மாத அனுபவம் வேண்டும், இல்லையேல் அதற்கான பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிறகு எழுத்து, வாய்மொழி, செய்முறை என்று மூன்று வகைத் தேர்வு. அந்த உரிமத்தோடு குறைந்தது மூன்று வருடம் கடந்தபின்தான் ஆண்டுச் சோதனையில் கையெழுத்திடும் அதிகாரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். எல்லா மெக்கானிக்குக்கும் அந்தப் பேனா கிடைப்பதில்லை.

சோதனையில் என்ன பார்க்கிறார்கள்? மூடிகளைக் கழற்றி, இறக்கைக்குள்ளும் வாலுக்குள்ளும் விளக்கடித்து, கேபிள் பிரிந்திருக்கிறதா, தகரம் அரித்திருக்கிறதா என்று பார்ப்பது, சக்கரம், பிரேக், பேட்டரி என்று பட்டியல் நீளம். எல்லாவற்றையும் சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். இரண்டை மட்டும் நெருங்கிப் பார்ப்போம்.

முதலாவது, கம்ப்ரஷன் சோதனை. இன்ஜின் சூடாக இருக்கும்போதே சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் ஒன்றைக் கழற்றி, அந்தத் துளையில் குழாயை மாட்டி, சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றை விடுவார்கள். குழாயில் இரண்டு அழுத்தமானிகள். ஒன்று உள்ளே போகும் அழுத்தத்தைக் காட்டும். இன்னொன்று சிலிண்டர் தக்கவைத்துக்கொண்ட அழுத்தத்தைக் காட்டும். 80 போய் 76 நின்றால், எழுபத்தாறுக்கு எண்பது என்று எழுதுவார்கள். காற்றை விடும் நேரம் முழுதும் இன்னொருவர் ப்ரொப்பல்லரை இறுகப் பிடித்திருக்க வேண்டும். பிஸ்டன் சரியான உச்சியில் இல்லையென்றால் அந்தக் காற்றே ப்ரொப்பல்லரைச் சுழற்றி அடித்துவிடும். விரல் போன மெக்கானிக்குகள் உண்டு.

மீதி நான்கு பவுண்டு எங்கே போனது? இங்கேதான் காது வேலை செய்கிறது. புகைக்குழாய் வாயில் உஸ்ஸென்று சத்தம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை. கார்புரேட்டர் பக்கம் வந்தால் காற்று உள்ளே வரும் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் ரிங். கருவி எவ்வளவு கசிகிறது என்று சொல்லும். எங்கே கசிகிறது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

இந்த வருடம் மூன்றாவது சிலிண்டர் 68 என்று வைத்துக்கொள்வோம். நல்லதா, கெட்டதா? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஏட்டைத் திருப்புகிறார்கள். போன வருடம் 69, அதற்கு முந்தைய வருடம் 68 என்றால் அந்த சிலிண்டரின் சுபாவமே அதுதான், விட்டுவிடலாம். போன வருடம் 77 என்றால்? உடனே உள்ளே ஒரு சின்னக் கேமராவை விட்டு வால்வின் முகத்தைப் பார்க்கிறார்கள். ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருந்தால் வால்வு எரியத் தொடங்கிவிட்டது. ஒரே 68தான், ஏடு இருந்தால் அது ஓர் எச்சரிக்கை, ஏடு இல்லாவிட்டால் வெறும் எண்.

இரண்டாவது, எண்ணெய் வடிகட்டி. லைகமிங் கம்பெனி தன் இன்ஜின்களுக்கு, முழு ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, வெறும் சல்லடை மட்டும் இருந்தால் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை, எதுவானாலும் நான்கு மாதத்துக்குள் எண்ணெய் மாற்றச் சொல்கிறது. கார் சர்வீஸில் பழைய ஃபில்டரைக் குப்பையில் போடுவார்கள். இங்கே அதை ஒரு தனிக் கருவியால் வட்டமாக அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை வெளியே எடுத்து, எண்ணெயைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பார்க்கிறார்கள். மினுக்கென்று ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோவார்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியமோ பித்தளை வகையோ. எந்த உலோகம் என்று தெரிந்தால் எந்தப் பாகம் தேய்கிறது என்று பாதி தெரிந்துவிடும்.

அப்படித் தேயும் பாகத்தில் ஒரு விசேஷம் உண்டு. அதிகம் பறக்கும் விமானத்தைவிட, பறக்காமல் நிற்கும் விமானத்துக்குத்தான் அந்தத் தேய்மானம் அதிகம் வரும். லைகமிங் இன்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் உச்சியில் இருக்கிறது. இன்ஜினை நிறுத்தினால் எண்ணெய் மெல்ல மெல்லக் கீழே வடிந்துவிடும். ஈரக் காற்று உள்ளே நுழைந்து, பளபளப்பான அந்த முகத்தில் துருவின் முதல் புள்ளியை வைக்கும். மறுபடி ஓட்டும்போது அந்தப் புள்ளியிலிருந்து தோல் உரிவதுபோல உலோகம் உரியத் தொடங்கும்.

சில உரிமையாளர்கள் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை கொட்டகைக்கு வந்து, பத்து நிமிடம் இன்ஜினை நிற்கும் இடத்திலேயே ஓட்டிவிட்டு, கடமை முடிந்தது என்று வீட்டுக்குப் போவது. இதைவிடக் கெடுதல் வேறு இல்லை! எரிபொருள் எரியும்போது தண்ணீரும் அமிலமும் உண்டாகி எண்ணெயில் கலக்கின்றன. அவை ஆவியாகிப் போக எண்ணெய் நன்றாகச் சூடாக வேண்டும். தரையில் ஓட்டினால் அந்தச் சூடு வராது. லைகமிங் சொல்வது, முப்பது நாளுக்குள் ஒருமுறையாவது பறந்து, எண்ணெயை 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்திருங்கள் என்பது. சொந்த விமானத்தைக் காப்பாற்ற அதை அடிக்கடி ஓட்டியே ஆக வேண்டும் என்பது, மனைவியிடம் சொல்ல விமானிகளுக்குக் கிடைத்த அருமையான காரணம்.

விற்பனை விளம்பரங்களில் இந்த இடத்தில்தான் ஒரு மயக்கம் நடக்கிறது. முப்பது வருட விமானம், இன்ஜின் 600 மணி நேரமே ஓடியது என்று பெருமையாகப் போடுவார்கள். அந்த இன்ஜினுக்குக் கம்பெனி பரிந்துரைத்த ஆயுள் 2,000 மணி நேரம். இன்னும் 1,400 மீதி என்று வாங்குபவர் மகிழ்கிறார். அதே கம்பெனி, மணி நேரம் எட்டாவிட்டாலும் 12 வருடத்தில் முழுதாகப் பிரித்துச் சீரமைக்கச் சொல்கிறது என்பதை அவர் படிப்பதில்லை. தனியார் உரிமையாளருக்கு இந்த இரண்டு எல்லையும் சட்டப்படி கட்டாயம் இல்லை, பரிந்துரைதான். அதனால்தான் ஏட்டைப் படிக்கத் தெரிய வேண்டியிருக்கிறது. 600 மணி நேரம் எந்தெந்த வருடத்தில் ஓடியது? நடுவில் ஏழு வருடம் ஒரு வரிகூட எழுதப்படாமல் இருந்தால், அந்த வெள்ளைத் தாள்தான் அந்த ஏட்டில் முக்கியமான பக்கம்.

அப்படியானால், அடிக்கடி பிரித்துப் பார்ப்பது எப்போதும் நல்லதுதானே? அதிகம் பிரித்தால் அதிகம் பாதுகாப்பு என்பது சரிதானே?

சரியில்லை. இதைக் கண்டுபிடித்தவர் ஒரு விமானப் பொறியாளர்கூட அல்ல, உயிரியல் ஆய்வாளர். பெயர் வாடிங்டன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையின் கடலோரப் பிரிவு, ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்தது. விமானங்கள் பறக்கும் நேரத்தைவிடக் கொட்டகையில் கிடக்கும் நேரம் அதிகமாக இருந்தது. ஆய்வுக் குழுவில் இருந்த வாடிங்டனும் மற்றவர்களும் பழுதுக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயச் சோதனை நடந்தது. அடுத்த சோதனை நெருங்க நெருங்கப் பழுது கூடும் என்றுதானே எவரும் எதிர்பார்ப்பார்கள்? கணக்கு தலைகீழாக இருந்தது. சோதனை முடிந்து வெளியே வந்த உடனே பழுது அதிகம். நாள் போகப் போகக் குறைவு. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிரித்து மாட்டியதிலேயே புதுப் பழுது நுழைந்திருந்தது.

இது அந்தக் காலத்துச் சங்கதி என்று தள்ள வேண்டாம். 2018 நவம்பர் 11ஆம் தேதி, போர்ச்சுகலில் பெரும் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானா கம்பெனியின் எம்ப்ரேர் ஜெட், மேலே ஏறியதுமே விமானிகளின் கைக்கு அடங்காமல் புரளத் தொடங்கியது. இறக்கை நுனியில் விமானத்தைச் சாய்க்கும் பலகைகளின் கேபிள்கள் தவறாக மாட்டப்பட்டிருந்தன. இடது பக்கம் திருப்பினால் வலது பக்கம் சாய்ந்தது. போர்ச்சுகலின் எஃப்-16 போர் விமானங்கள் துணைக்கு வர, பெஜா விமானத் தளத்தில் ஒருவழியாக இறங்கினார்கள். உள்ளே இருந்த ஆறு பேரும் பிழைத்தார்கள். அது பெரிய விமானம், பெரிய பணிமனை. சின்னக் கொட்டகையில் ஒற்றை ஆளாக வேலை செய்யும் மெக்கானிக்குக்கு இந்தத் தவறு வராதா? அதனால்தான் விவரமான விமானிகள், பராமரிப்பு முடிந்து வந்த விமானத்தில் ஏறியதும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை இடது பக்கம் திருப்பி, இடது இறக்கைப் பலகை மேலே எழுகிறதா என்று கழுத்தைத் திருப்பிக் கண்ணால் பார்க்கிறார்கள். சக்கரம் தடங்கல் இல்லாமல் சுழல்கிறதா என்பது மட்டும் போதாது. சரியான பக்கம் அசைகிறதா என்பதுதான் கேள்வி.

ஆக, எதைத் திறக்க வேண்டும், எதைத் திறக்காமல் விட வேண்டும் என்று தெரிய வேண்டும். தெரிவதற்கு ஏடு வேண்டும். இப்போது ஏட்டையே கையில் எடுப்போம்.

வழக்கமாக மூன்று ஏடுகள். விமான உடலுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, ப்ரொப்பல்லருக்கு ஒன்று. ஏன் தனித்தனி? இன்ஜினை ஒரு விமானத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். அப்போது அதன் ஏடும் கூடவே போகும். மணிக் கணக்குக்கும் இரண்டு கடிகாரங்கள். ஒன்று இன்ஜினின் சுழற்சியைக் கொண்டு ஓடுவது. தரையில் மெதுவாக உருளும்போது அது மெதுவாகத்தான் ஏறும். இன்னொன்று ஹாப்ஸ் மீட்டர். இன்ஜின் ஓடும்வரை சாதாரணக் கடிகாரம்போல ஓடும். ஒரு வருடம் அதையும் அடுத்த வருடம் இதையும் எழுதிக் குழப்பிய ஏடுகள் ஏராளம். பின்னால் வருபவர் அந்தக் குழப்பத்தை அவிழ்க்க ஒரு வாரம் உட்கார்ந்திருப்பார்.

செய்த வேலையின் விவரம், முடித்த தேதி, கையெழுத்து, உரிம எண், உரிமத்தின் வகை. ஒவ்வொரு பதிவிலும் இவை இருக்க வேண்டும் என்பது விதி. சாதாரண விமானி உரிமம் வைத்திருக்கும் உரிமையாளரே சில சின்ன வேலைகளைச் செய்துகொள்ளலாம். டயர் மாற்றுவது, எண்ணெய் மாற்றுவது, ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்வது, விளக்கு மாற்றுவது, பேட்டரி கவனிப்பது. செய்யலாம், ஆனால் எழுதியாக வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'ஆயில் மாத்தியாச்சு, எல்லாம் ஓகே' என்று ஒரு வரி. மணி எண் இல்லை, உரிம எண் இல்லை. நல்ல பதிவு எப்படி இருக்கும்? உதாரணத்துக்கு ஒன்று: 'சுழற்சி மீட்டர் 3,418.6. எண்ணெயும் ஃபில்டரும் மாற்றப்பட்டன. பழைய ஃபில்டர் அறுத்துப் பார்க்கப்பட்டது. உலோகத் துகள் இல்லை. புது ஃபில்டர் அளவான முறுக்கில் இறுக்கப்பட்டு, சேஃப்டி வயர் கட்டப்பட்டது. இன்ஜின் ஓட்டிப் பார்க்கப்பட்டது, கசிவு இல்லை.' தேதி, கையெழுத்து, எண். எழுத மூன்று நிமிடம் ஆகும். அடுத்த ஃபில்டரில் துகள் தெரிந்தால், அது கடைசி ஐம்பது மணி நேரத்தில் வந்தது என்று இந்த மூன்று நிமிடம்தான் சொல்லும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பதிவுகளை வைத்துக் காப்பதும், விமானத்தைப் பறக்கத் தகுதியான நிலையில் வைத்திருப்பதும் முதலில் உரிமையாளரின் பொறுப்பு என்பது சட்டம். மெக்கானிக் எழுதுவார் என்று விட்டுவிட முடியாது. எண்ணெய் மாற்றியது போன்ற பதிவை ஒரு வருடம் வைத்திருந்தால் போதும். அல்லது அதே வேலை மறுபடி செய்யப்படும்வரை. ஆனால் மொத்த மணி நேரம், ஆயுள் குறிக்கப்பட்ட பாகங்களின் கணக்கு, அரசின் கட்டாயப் பாதுகாப்பு ஆணைகளை நிறைவேற்றிய விவரம் போன்றவை விமானத்தோடு காலம் முழுதும் ஒட்டிக்கொண்டு, விற்கும்போது புது உரிமையாளர் கைக்குப் போக வேண்டும்.

அந்தக் கட்டாய ஆணைகளில் ஒன்று செஸ்னாவின் இருக்கைக்கு. முன் இருக்கை இரண்டு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். தண்டவாளத்துத் துளையில் ஒரு முள் விழுந்து பூட்டிக்கொள்ளும். வருடக்கணக்கில் அந்தத் துளை தேய்ந்துபோனால்? விமானம் மூக்கைத் தூக்கிக் கிளம்பும் அந்தக் கணத்தில், இருக்கை விமானியோடு பின்னால் சறுக்கும். கையில் பிடித்திருந்த கட்டுப்பாட்டுச் சக்கரத்தையும் அவர் தன்னோடு இழுப்பார்; மூக்கு இன்னும் மேலே எழும்; உயரமோ போதாது. இப்படி உயிர்கள் போயின. 1987இல் ஆணை வந்தது, 2011இல் அது புதுப்பிக்கப்பட்டது. இன்ஜினும் இல்லை, இறக்கையும் இல்லை. ஒரு நாற்காலியின் துளை!

இனி இறக்கைக்கு வருவோம். தொடக்கத்தில் சொன்ன சட்டம் இதுதான்.

2018 ஏப்ரல் 4ஆம் தேதி. ஃப்ளோரிடா மாநிலம், டேடோனா பீச். எம்ப்ரி-ரிடில் விமானவியல் பல்கலைக்கழகத்தின் பைப்பர் பி.ஏ-28 ரகப் பயிற்சி விமானம். ஓட்டியவர் வணிக விமானி உரிமத் தேர்வில் இருந்த மாணவர்; பக்கத்தில் தேர்வாளர். ஓடுபாதையைத் தொட்டு மறுபடி எழுந்து, மேலே ஏறிக்கொண்டிருந்தபோது இடது இறக்கை முழுதாகக் கழன்று விழுந்தது. இருவரும் இறந்தார்கள். வானிலையில் குறையில்லை.

அது கிழட்டு விமானமா? 2007இல் செய்தது; பதினோரு வயது. ஆனால் பறந்தது 7,690 மணி நேரம். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தபோது, இறக்கையின் முக்கியச் சட்டமான ஸ்பாரின் கீழ்ப் பகுதியில், ஒரு போல்ட் துளையிலிருந்து விரிசல் கிளம்பி வளர்ந்திருந்தது தெரிந்தது. உலோகம் ஒரே நாளில் முறியவில்லை. ஆயிரக்கணக்கான வளைவுகளில் களைத்து, மயிரிழை மயிரிழையாகப் பிளந்திருந்தது. வலது இறக்கையிலும் விரிசல் தொடங்கியிருந்தது. எல்லாம் போல்ட்டுக்குப் பின்னால் மறைந்திருந்ததால், எந்தச் சோதனையிலும் கண்ணுக்குப் படவில்லை. 1987இல் டெக்சாஸில், எண்ணெய்க் குழாய்ப் பாதையைத் தாழப் பறந்து கண்காணித்த ஒரு பி.ஏ-28இன் இறக்கையும் இதேபோலக் கழன்றிருந்தது.

இப்போது எஃப்.ஏ.ஏ. முன்னால் ஒரு கேள்வி. இதே அமைப்புள்ள பைப்பர் விமானங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றின் போல்ட்டையும் கழற்றிப் பார்த்துவிடலாமா? பார்க்கலாம் என்று தோன்றும். ஆனால் வாடிங்டன் அங்கேயும் வந்து நிற்கிறார். இறுக்கமாகப் பொருந்திய அந்த போல்ட்டை இழுக்கும்போதே துளையில் கீறல் விழலாம். அந்தக் கீறலே அடுத்த விரிசலின் விதை. உரிமையாளர்கள் இதைச் சொல்லித்தான் எதிர்த்தார்கள். தேவையானதை மட்டும் திறக்க வேண்டும். தேவையானது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மொத்த மணி நேரத்தைப் பார்த்தால் போதுமா? போதாது. பயிற்சி விமானம் ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவை தரையில் மோதி எழும், கூர்மையாகச் சாய்ந்து திரும்பும், தாழ்வான உயரத்தில் காற்றில் குலுங்கும். தனியார் விமானம் ஞாயிற்றுக்கிழமை நேராகப் பறந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு நேராகத் திரும்பி வரும். இரண்டின் மணி நேரமும் ஒன்றாகுமா?

ஆனால் எந்த விமானம் எத்தனை வருடம் பயிற்சிப் பள்ளியில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? இங்கேதான் அந்த நூறு மணி நேரச் சோதனை. வாடகைக்கும் பயிற்சிக்கும் ஓடினால் மட்டுமே அது கட்டாயம். ஆகவே ஏட்டில் அந்தச் சோதனை எத்தனை தடவை பதிவாகியிருக்கிறது என்று எண்ணினால், எத்தனை நூறு மணி நேரம் அடிபட்டது என்று தெரிந்துவிடும்! 2021 தொடக்கத்தில் வந்த ஆணை இப்படிக் கணக்குப் போடச் சொல்கிறது: சோதனைகளின் எண்ணிக்கையை நூறால் பெருக்கு, மொத்த மணியில் மிஞ்சியதைப் பதினேழால் வகு, இரண்டையும் கூட்டு. 5,000 எட்டினால் போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் மின்சுழல் கருவியை விட்டு விரிசல் தேடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9,000 மணி நேரம் பறந்த இரண்டு விமானங்கள். ஒன்றின் ஏட்டில் ஐம்பது நூறு மணி நேரச் சோதனைகள். ஐம்பது நூறு ஐயாயிரம், மீதி நாலாயிரத்தைப் பதினேழால் வகுத்தால் 235, மொத்தம் 5,235. போல்ட்டைக் கழற்றியாக வேண்டும். இன்னொன்று பிறந்ததிலிருந்து தனியார் கையில். அப்படி ஒரு சோதனைகூட இல்லை. 9,000ஐப் பதினேழால் வகுத்தால் 529. போல்ட்டைத் தொடவே வேண்டாம். ஒரே ரகம், ஒரே மணி நேரம். வித்தியாசம் ஏட்டில் மட்டும்.

ஏடு தொலைந்துபோனவருக்கு? பதிவு இல்லை, அரைகுறை என்றால், அந்த விமானம் சோதனைக்கு உட்பட்டே தீர வேண்டும். இறக்கை எங்கிருந்தோ வாங்கி மாட்டியது, அதன் பழைய கதை தெரியாது என்றாலும் அப்படித்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு மெக்கானிக், எண்ணெய்க் கையோடு அவசரமாக எழுதிய ஒரு வரி, இன்று ஒருவருடைய இறக்கையைத் திறக்காமல் காப்பாற்றுகிறது. இன்னொருவருடையதைத் திறக்கச் சொல்லி உயிரைக் காப்பாற்றுகிறது. எழுதும்போது அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இதனால்தான் அங்கே பழைய சிறு விமானம் வாங்கப் போகிறவர் முதலில் பெயின்ட்டைப் பார்ப்பதில்லை, ஏட்டைக் கேட்கிறார். முதல் நாளிலிருந்து ஏடு முழுதாக இருந்தால் அது விற்பவருக்குப் பெருமை. நடுவில் ஒன்று காணாமல் போயிருந்தால் விலை கணிசமாக இறங்கும். பெரிய பழுதுகளுக்கும் மாற்றங்களுக்கும் தனிப் படிவம் உண்டு; அதன் நகல் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். ஏடு தொலைந்தவர் அங்கே எழுதிப்போட்டு வாங்கலாம். ஆனால் கம்ப்ரஷன் எண்களும் எண்ணெய்ப் பதிவுகளும் அங்கே இருக்காது. பழைய மெக்கானிக்குகளின் பில்களைத் தேடிச் சேர்க்க வேண்டியதுதான்.

ஏடுகளை விமானத்துக்குள்ளேயே வைத்திருப்பது இன்னொரு கெட்ட பழக்கம். பறக்கும்போது பராமரிப்பு ஏடு உள்ளே இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் கேட்கவில்லை. கொட்டகையில் தீப்பிடித்தால் விமானத்துக்குக் காப்பீடு உண்டு. அதோடு எரிந்த ஏட்டுக்கு என்ன இருக்கிறது? இப்போது பலர் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைக்கிறார்கள். மின்னணுப் பதிவும் கையெழுத்தும் செல்லும். பொய்யாக எழுதினால் மட்டும் எந்த வடிவத்திலும் மன்னிப்பு இல்லை. செய்யாத வேலையைச் செய்ததாக எழுதியவரின் உரிமமே பறிபோகும்.

கடைசியாக ஒரு விதி. விமானம் பறக்கும் விதத்தை மாற்றக்கூடிய வேலை நடந்திருந்தால், மெக்கானிக் கையெழுத்திட்ட உடனே ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியாது. தகுதியுள்ள விமானி ஒருவர் முதலில் பயணி யாரும் இல்லாமல் அதை மேலே கொண்டுபோய், செய்த வேலை சரிதானா என்று பறந்து பார்க்க வேண்டும். இறங்கியதும் அந்தப் பறப்பை விமானத்தின் ஏட்டில் எழுத வேண்டும். தரையிலேயே சோதித்து உறுதி செய்ய முடிகிற வேலைக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு.